அடுப்பையும் கிழங்கென்று எழுதியவர்கள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், செல்வங்களே. பின்னால் நிற்கிறவர்களும் வாருங்கள், இடம் இருக்கிறது. உங்களுக்கு இன்று ஒரு கதை சொல்லப்போகிறேன். இதில் ராஜாவும் இல்லை, பூதமும் இல்லை. ஒரு தராசு இருக்கிறது, ஒரு ரயில் கம்பெனி இருக்கிறது, எங்கள் நூர்தால் ஊர் ஹல்டா இருக்கிறாள். கதை முடிவதற்குள் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், அதைத் தடுக்க நான் ஒன்றும் செய்யப்போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம், பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ரயில் நிலையத்துச் சுவரில் ஏசா டிங்லி ஒரு காகிதத்தை ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தார். ஏசாதான் நிலைய அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் வாங்குவது கம்பெனிச் சம்பளம். ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு தடவை திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். நான் பார்த்தேன். எனக்கு முன்னால் ஹல்டா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது: "நூர்தால் கிடங்கின் எடையாளர் ஹல்டா நூர்லிங், ஜனவரி மாதம் அனுப்பிய பதினோரு வேகன்களுக்குப் பொய் எடை எழுதியுள்ளார். வேகன் ஒன்றுக்குச் சுமார் மூவாயிரம் ராத்தல் உருளைக்கிழங்கு மறைக்கப்பட்டுள்ளது. வரும் திங்கட்கிழமை முதல் இவருடைய எடை ஏற்கப்படாது. எடைச் சோதனை அலுவலகம்."

ஹல்டா இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கேட்டாள்:

"ஆணி போதுமா ஏசா? இன்னும் ரெண்டு குடுக்கவா?"

"ஹல்டா, மேலேர்ந்து வந்த உத்தரவு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"ஒழுங்கா அடிங்க. காத்துல பறந்து போச்சுன்னா, நான்தான் கிழிச்சேன்னு அதுக்கும் ஒரு காகிதம் எழுதுவாங்க."

சொல்லிவிட்டுக் கிடங்குக்கு நடந்தாள். 

அந்தக் காகிதத்தின் கனம் எங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு குடும்பம். எல்லாம் ஸ்வீடனிலிருந்து வந்து காட்டைத் திருத்திக் கிழங்கு போட்டவர்கள். அத்தனை பேர் கிழங்கும் தண்டவாளத்தை ஒட்டி நிற்கிற ஒரே கிடங்கிலிருந்துதான் பாஸ்டனுக்குப் போகும். ஹல்டா ஒவ்வொரு பீப்பாயாகத் தராசில் ஏற்றி எடை போடுவாள், கிழங்கு வேகனுக்குள் கொட்டப்படும், சரக்குச் சீட்டில் அவள் எழுதுகிற எடையைக் கம்பெனி அப்படியே ஏற்றுக்கொண்டு அதற்குக் கட்டணம் போடும். அதற்கு ஓர் ஒப்பந்தமே உண்டு. அந்த ஒப்பந்தம் போய்விட்டால் ஒவ்வொரு வேகனும் நாற்பது மைல் தள்ளி ஹாலோவே ரயில் சந்திப்பில், வேகனையே ஏற்றி எடை போடுகிற எடைப்பாலத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாளோ மூன்று நாளோ. பிப்ரவரிக் குளிரில் மூன்று நாள் நின்ற கிழங்கு உறைந்து, பிறகு உருகி, கறுப்புக் கூழாகத்தான் பாஸ்டன் போய்ச் சேரும்.

ஆனால் ஹல்டாவைச் சுட்டது அது இல்லை. 'பொய்' என்ற அந்த ஒரு சொல்தான். புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் செத்த பிறகு, பதின்மூன்று வருஷமாக அந்தத் தராசுதான் அவளுக்கு எல்லாம். ஊர் கூடி அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது. இப்போது அவள் பெயரும் பொய்யும் ஒரே வரியில், ரயிலுக்கு வருகிற போகிற அத்தனை பேரும் படிக்கிற சுவரில்.

மத்தியானத்துக்குள் கிடங்கில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் பேசினார்கள், யாரும் ஹல்டாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் யூனாஸ் ஹெட்மன் வாயைத் திறந்தான். பக்கத்து நிலத்துக்காரன். அவன் மனைவிக்குப் பிரசவம் பார்த்ததே ஹல்டாதான்.

"தப்பா நெனச்சுக்காத ஹல்டா. மூவாயிரம் ராத்தல்னா பதினெட்டு பீப்பாய். பதினோரு வேகனுக்கு இருநூறு பீப்பாய் ஆவுது. அது யாரு கெழங்கு? எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஒன் வீட்டுக் கெழங்குன்னு நெனைக்கறியா?"

"நான் அப்படிச் சொல்லல. கேக்கறேன், அவ்வளவுதான்."

"கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிச்சிருக்கலாம் யூனாஸ்."

வேறு யாரும் பேசவில்லை. அந்த அமைதியை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பேசாதவர்களில் நானும் ஒருத்தி. வேகன் சுவருக்கும் உள்ளே அடிக்கிற பலகைக்கும் நடுவில், குளிர் நுழையாமல் வைக்கோல் திணிக்கிறது அந்தக் கிடங்கில் என் வேலை. வைக்கோல் கட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

வியாழக்கிழமை காலை ரயில் கம்பெனியின் எடைச் சோதனை அலுவலகத்து ஆய்வாளர் வந்து இறங்கினார். பெயர் லாத்ரப். நல்ல பருமன், கழுத்துவரை ரோமம் வைத்த கனத்த மேலங்கி, மூக்கில் சின்னக் கண்ணாடி. நிலையத்துச் சரக்கு அறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். ஊர் முழுக்க உள்ளே நெருக்கியடித்து நின்றது.

"மிசஸ் நூர்லிங், இதுல பேச ஒண்ணுமே இல்ல" என்று ஆரம்பித்தார். "இந்த வருஷம் ஹாலோவேல புது எடைப்பாலம் போட்டிருக்கோம். வேகன் அது மேல நின்னா மொத்த எடை தெரியும். வெறும் வேகனோட எடை வேகன் பக்கவாட்டுலயே பெயின்ட்ல எழுதியிருக்கு. அதுலேர்ந்து இத கழிச்சா மிச்சம் கெழங்கு. மூணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்."

"வேகனுக்குள்ள யாராவது எட்டிப் பாத்தீங்களா?"

"எங்க ஆளுங்க எட்டிப் பாக்கறதுக்கு இல்லம்மா, எடை போடறதுக்கு இருக்காங்க."

"அப்போ உள்ள இருக்கறதெல்லாம் கெழங்குதான்னு எப்படித் தெரியும்?"

"கெழங்கு வேகன்ல கெழங்கு இல்லாம வேற என்ன இருக்கும், திமிங்கிலமா?"

அவர் தம் வேடிக்கைக்குத் தாமே சிரித்தார். ஹல்டா மேசையைச் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போனாள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்பெனியின் இன்னொரு அறிவிப்பு பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறைக்கே கேட்கிறமாதிரி படித்தாள்:

"விதி இருபத்தேழு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை உருளைக்கிழங்கு ஏற்றுகிறவர்கள், வேகனுக்குள் தம் பொறுப்பில் உள்பலகை அடித்து, இரண்டாம் தரை போட்டு, அடுப்பு வைத்து, அதைக் காக்க ஓர் ஆளும் அனுப்ப வேண்டும். தவறினால் சரக்கு உறைந்துபோவதற்குக் கம்பெனி பொறுப்பாகாது."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இத எழுதினது யாரு, நானா?"

"கம்பெனி விதி."

"பலகை அடின்னு சொன்னது நீங்க. தரை போடுன்னு சொன்னது நீங்க. இரும்படுப்பு வையின்னு சொன்னது நீங்க. அடிச்சோம், போட்டோம், வெச்சோம். அதையெல்லாம் எடை போட்டு, கெழங்குன்னு எழுதி, கெழங்குக்கு உள்ள கட்டணத்தையும் போட்டு, அப்புறம் என்னைப் பொய்க்காரின்னு சுவத்துல மாட்டினதும் நீங்க. பலகைக்கு எடை இருக்குமா இருக்காதா, மிஸ்டர் லாத்ரப்?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. லாத்ரப் அசையவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுச் சரக்குச் சீட்டை எடுத்து, மேலே இருந்ததை அவள் பக்கம் தள்ளினார். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"'கிழங்கு தவிர மற்றவை'ன்னு இங்க ஒரு வரி அச்சடிச்சிருக்கு. இதுல நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

ஹல்டா குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணும் எழுதல."

"அடுத்த சீட்டு?"

"எழுதல."

"பதினோரு சீட்டுலயும் வெறுமை. ஒண்ணும் எழுதலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கீழ கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

கண்ணுகளா, இதை எப்படிச் சொல்வது? வேறு எந்த ஊர்க்காரரும் செய்யாத தப்பு அது. எங்களுக்குக் குளிர்காலத்தில் 'வேகன்' என்றால் பலகை அடித்து, வைக்கோல் திணித்து, அடுப்பில் புகை கிளம்பிய பிறகுதான் வேகன். அதற்கு முன்னால் அது வெறும் பெட்டி. அடுப்பும் பலகையும் வேகனின் உடம்பு என்றே எங்கள் மனசில் பதிந்திருந்தது. உங்கள் வீட்டுக் கூரையை உங்கள் சாமான் என்று யாராவது கணக்கெடுப்பார்களா? அந்த மாதிரி. பதின்மூன்று வருஷமாக ஹல்டா அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள். தாண்டுகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. ஹாலோவேயில் புதுப் பாலம் வரும்வரை வேறு யாருக்கும் தெரியவில்லை.

அவள் முகம் சிவந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"அது என் தப்பு" என்றாள். "அந்த வரிய நான் நெரப்பியிருக்கணும். தப்புன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். பொய்யின்னு எழுதாதீங்க."

"வித்தியாசம் எனக்குத் தெரியல. பலகையும் அடுப்பும் என்ன, ஐந்நூறு ராத்தல் இருக்குமா? தாராளமா அறுநூறு வெச்சுக்கறேன். மிச்சம் ரெண்டாயிரத்து நானூறு?"

"அந்தப் பதினோரு வேகன் பலகைய இப்ப காட்ட முடியாது. பாஸ்டன்ல எறக்கினதும் பலகைய வித்துடுவாங்க. நாளைக்கு ஒரு வேகன் கெளம்புது. ஒவ்வொரு பலகையா ஒங்க கண்ணு முன்னாடி எடை போடறேன். ஒவ்வொரு பீப்பாயா போடறேன். மொத்தத்த நீங்களே எழுதிக்குங்க. அப்புறம் ஒங்க பாலத்துல நிறுத்திப் பாருங்க. என் எடை தப்பா போனா நானே அந்தக் காகிதத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்டுட்டு தராச விட்டுப் போயிடறேன்."

லாத்ரப் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஆனா ஒரு நிபந்தனை. வேகன் கெளம்பினதுலேர்ந்து நான் அதுக்குள்ளயே இருப்பேன். பாலத்துல நின்னு எடை விழற வரைக்கும் எறங்க மாட்டேன். வழியில கெழங்க வெளிய கொட்டிட்டு என்னை ஏமாத்த முடியாது."

மூலையில் சாய்ந்து நின்ற எவெர்ட் சாந்தின் என்பவர் தொண்டையைச் செருமினார். ஹல்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஐம்பது வயது, ஒல்லி. வேகனோடு பாஸ்டன்வரை போய் அடுப்பைக் காக்கிறவர் அவர்தான்.

"தாராளமா வாங்க சார். உக்கார ஒரு மரக்கட்டை இருக்கு, ஒங்களுக்கே குடுத்துடறேன். ஆனா நான் வெங்காயத்தப் பச்சையா திங்கறவன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் அதுக்கு ஒரு விதி காட்டக் கூடாது."

அன்று மத்தியானம் முழுக்கப் பலகை எடை போட்டோம். லாத்ரப் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எழுதினார். ஈரமான ஸ்ப்ரூஸ் மரப் பலகை, அன்றுதான் அறுப்பு ஆலையிலிருந்து வந்தது. தரைக்கு, இரண்டு பக்கச் சுவருக்கு, இரண்டு முனைக்கு, கூரைக்கு, அடுப்புக்கு இரண்டு புறமும் கிழங்கைத் தடுக்கிற தட்டிகளுக்கு. பாதி முடிவதற்குள்ளேயே அவர் சொன்ன அறுநூறைத் தாண்டிவிட்டது. எவெர்ட் ஒவ்வொரு பலகையைத் தூக்கும்போதும், "இதுல பொரியல் பண்ணலாம்", "இது அவிச்சா நல்லாருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"ஆணியும் எடை போடணும்" என்றார் லாத்ரப்.

"போடுங்க" என்றாள் ஹல்டா. "ஒங்க அலுவலகத்துல இவ்வளவு அக்கறை இருக்கறது போன மாசமே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

ஆணியோடு பலகை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ராத்தல். நான் திணித்த வைக்கோலும் தடித்த காகிதமும் நூற்றிருபது. அடுப்பு, அதன் குழாய், அடியில் வைக்கிற மணல் தட்டு எல்லாம் முந்நூற்று முப்பது. மறுநாள் விடியலில் கிழங்கு ஏற்றினோம், இருநூற்றிருபது பீப்பாய். கடைசியாக விறகு, நானூறு ராத்தல். லாத்ரப் கூட்டினார், திரும்பவும் கூட்டினார். கிழங்கை விட்டுவிட்டால் மற்றவை மட்டும் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பத்து. பென்சிலை உதட்டில் தட்டிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தார்.

"பாலம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்" என்றார். 

வேகனின் வெற்று எடையையும் சேர்த்தால், பாலத்தில் எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து வர வேண்டும். லாத்ரப் அந்த எண்ணைத் தம் கையால் எழுதி ஹல்டாவிடம் ஒரு பிரதி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி கிளம்பியது. ஏசா ஹல்டாவையும் என்னையும் ரயிலின் கடைசியில் இருந்த கார்டு பெட்டியில் ஏற்றிவிட்டார். ஹல்டாவுக்குத் துணையாக நான் போனேன். செவ்வாய்க்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு அதையாவது செய்யலாம் என்று.  நான் கொண்டுபோன ரொட்டியை அவள் தொடவில்லை. வழியெல்லாம் லாத்ரப் எண் எழுதிக் கொடுத்த பிரதியையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹாலோவேயில் இறங்கும்போது விளக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். மூக்கு மயிர் உறைகிற குளிர். எங்கள் வேகனைத் தனியாகக் கழற்றிப் பாலத்தின்மேல் தள்ளி நிறுத்தினார்கள். அது எங்கள் மூச்சுப் புகையோடு போட்டிபோடுகிற மாதிரி அடுப்புப் புகை விட்டுக்கொண்டு நின்றது. பாலத்துக் குடிசைக்குள் இருந்த எடைக்காரர் ஒரு கிழட்டு ஐரிஷ்காரர், பெயர் ஃபோகார்ட்டி. தராசுத் தண்டின்மேல் இரும்புத் துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திவிட்டு, ஜன்னலைத் திறந்து கத்தினார்:

"எழுபத்திரண்டாயிரத்து எண்ணூத்து அறுபது!"

வேகனின் கதவு ஒரு முழம் திறந்தது. லாத்ரப்பின் தலை வெளியே வந்தது. கன்னம் இரண்டும் அடுப்புச் சூட்டில் ரோஜாப்பூவாக இருந்தன. கையில் காகிதம்.

"கேட்டீங்களா? முந்நூத்தம்பது கூட! ரெண்டு பீப்பாய்க்கு மேல! என் கண்ணு முன்னாடியே ஏத்தி என்னையே ஏமாத்தியிருக்கீங்க! நான் மொதல்லயே சொன்னேன்!"

 எவெர்ட்டின் முகம் லாத்ரப்பின் தோளுக்குப் பின்னால் வெளிறித் தெரிந்தது. முந்நூற்றைம்பது ராத்தல் எங்கிருந்து வந்தது? நாங்கள் ஒவ்வொரு பீப்பாயையும் பார்த்தோமே. வைக்கோலைக்கூட எடை போட்டோமே.

ஹல்டா அந்தக் கதவில் தெரிந்த இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.  பிறகு கேட்டாள்:

"மிஸ்டர் லாத்ரப், நீங்க இப்ப எங்க நிக்கறீங்க?"

"எங்கேன்னா? வேகன்லதான்."

"எவெர்ட், நீ?"

"நானும் வேகன்லதான்க்கா. அடுப்ப விட்டுட்டு எங்க போறது?"

"ரெண்டு பேர்ல யாரு உருளைக்கெழங்கு?"

 அப்புறம் குடிசைக்குள்ளிருந்து ஃபோகார்ட்டி சிரிக்கிற சத்தம் வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, மனிதர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"எறங்குங்க சார்" என்று ஹல்டா சொன்னாள். "எறங்குங்க, இன்னொரு தடவ போடட்டும்."

லாத்ரப் இறங்கினார். எவெர்ட்டும் இறங்கினார். ஃபோகார்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரும்புத் துண்டை மறுபடி நகர்த்தினார்.

"எழுபத்திரண்டாயிரத்து நானூத்து எம்பது! முந்நூத்தி எம்பது கொறைஞ்சிருக்கு!"

"நான் நூத்தி அறுவதுதான்" என்றார் எவெர்ட். "மிச்சம் யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

லாத்ரப் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இப்ப முப்பது ராத்தல் கொறையுது. அப்பவும் ஒங்க எடை சரியில்ல" என்றார்.

ஹல்டாவுக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. அதுவரை வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"அஞ்சு மணி நேரமா எதுல குளிர் காஞ்சீங்க? என் விறகுல! அந்த முப்பது ராத்தல் ஒங்க கன்னத்துல செவப்பா தெரியுது, போய்க் கண்ணாடில பாருங்க! எவெர்ட், மிச்ச விறகக் கொண்டா. ஒவ்வொரு கட்டையா கொண்டா!"

சரக்கு அறைத் தராசில் போட்டோம். நானூறில் முந்நூற்று அறுபத்தாறு மீதி. எரிந்தது முப்பத்து நாலு. அந்தப் பாலம் இருபது இருபது ராத்தலாகத்தான் காட்டும், அதற்குமேல் நுணுக்கம் பார்க்க அதனால் முடியாது என்று ஃபோகார்ட்டியே சொன்னார்.

"இப்ப அந்தப் பதினோரு வேகனுக்கு வாங்க" என்றாள் ஹல்டா. "பலகை, அடுப்பு, விறகு ரெண்டாயிரத்து எண்ணூறு. எவெர்ட் நூத்தி அறுபது. ஒவ்வொரு தடவையும் அவரையும் கெழங்கோட கெழங்காத்தான் எடை போட்டிருக்கீங்க. கூட்டுங்க. ஒங்க மூவாயிரம் எங்க மறைஞ்சிருந்துச்சுன்னு தெரியும்."

லாத்ரப் கூட்டவில்லை. சந்திப்பு அலுவலகத்துக்குள் போய் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். "கம்பெனி தன் நல்லெண்ணத்தின்பேரில், மேற்படி விவகாரத்தை மேற்கொண்டு தொடராமல் முடித்துக்கொள்கிறது. எடை ஒப்பந்தம் நீடிக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒப்பந்தம் பிழைத்தது, கிழங்கு பிழைத்தது. வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஹல்டா அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை.

"நல்லெண்ணமா? யாரு யாருக்குக் காட்டற நல்லெண்ணம்? 'பொய்'ன்னு அங்க ஊரே பாக்க எழுதுனீங்க. இத இங்க யாருக்கும் தெரியாம எழுதறீங்க."

"மிசஸ் நூர்லிங், கம்பெனி மன்னிப்புக் கேக்கறதுக்குன்னு ஒரு படிவமே கெடையாது."

"படிவம் வேண்டாம். அதே காகிதம், அதே சுவரு, ஒங்க பேனா. நாளைக்கு வந்து அந்த வார்த்தைய அடிக்கணும்."

"நாப்பது மைல் திரும்பிப் போகவா? ஒரு வார்த்தைக்கா?"

"நானும் ஒரு வார்த்தைக்குத்தான் நாப்பது மைல் வந்தேன்."

அவர் பையை மூட ஆரம்பித்தார். அப்போது ஃபோகார்ட்டி தம் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அன்றைய பக்கத்தைத் திறந்து ஹல்டாவுக்குக் காட்டினார். முதல் எடைக்கு எதிரே, "ஆய்வாளர் லாத்ரப் உள்ளே" என்று எழுதியிருந்தது. இரண்டாவதற்கு எதிரே, "ஆய்வாளர் வெளியே."

"இத அழிச்சிடுங்க" என்றார் லாத்ரப்.

"பதிவேட்டுல அழிக்கக் கூடாதுங்க. ஒங்க அலுவலகத்து விதிதான், எட்டாம் நம்பர்."

ஹல்டா ஒரு பென்சில் வாங்கி, அந்த இரண்டு வரியையும் அப்படியே நகல் எடுத்தாள். "நாளைக்கு நீங்க வரலன்னா, ஒங்க காகிதத்துக்குப் பக்கத்துல இதையும் மாட்டறேன். ஏசாகிட்ட ஆணி நெறைய இருக்கு."

சனிக்கிழமை பத்து மணி வண்டியில் லாத்ரப் வந்தார். பிளாட்பாரத்தில் ஊர் நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் சுவருக்குப் போய், பேனாவை எடுத்து, 'பொய்' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"முழு வரியையும்" என்றாள் ஹல்டா.

முழு வரியையும் அடித்தார்.

"மேல எழுதுங்க. 'எடை சரி'."

எழுதினார்.

"கையெழுத்து."

போட்டார். மை குளிரில் உறைந்து, பேனா இரண்டு தடவை கீறியது. ஏசா டிங்லி ஓடிப்போய்த் தம் அறையிலிருந்து சூடாக்கிய மைக்கூட்டைக் கொண்டுவந்து பிடித்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கம்பெனி பார்த்திருந்தால் சம்பளத்தைக் குறைத்திருக்கும்.

வண்டி போனதும் ஜனங்கள் ஹல்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஒருவர் காப்பிக்குக் கூப்பிட்டார். யூனாஸ் ஹெட்மன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஹல்டா, எனக்கு அப்பவே தெரியும், நீ அப்படிச் செய்ய மாட்டேன்னு..."

"தெரிஞ்சுதா?" என்று அவள் கேட்டாள். குரல் உயரவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "லாத்ரப்புக்கு என்னைத் தெரியாது. காகிதத்தப் பாத்தான், எழுதினான். ஒங்களுக்கு? இந்த நாப்பத்திரண்டு வீட்டுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், செவ்வாக்கிழமை அந்தக் காகிதத்தப் பாத்துச் சிரிச்சிருந்தா எனக்குப் போதும். 'போடா, எங்க ஹல்டாவாவது பொய் எழுதறதாவது'ன்னு சிரிச்சிருந்தா, நான் ஹாலோவேக்கே போயிருக்க மாட்டேன்."

 யூனாஸ் தொப்பியைப் போடவும் மறந்து அந்தக் குளிரில் நின்றான். காது இரண்டும் சிவந்துபோயின. நானும் நின்றேன்.

திங்கட்கிழமை அவள் தராசுக்கு வந்தாள். புதுச் சீட்டில் அந்த வெறும் வரியை முதல் தடவையாக நிரப்பினாள்: பலகை இவ்வளவு, அடுப்பு இவ்வளவு, விறகு இவ்வளவு, எவெர்ட் இவ்வளவு. எங்களோடு பேசினாள், சிரித்தாள்கூட. ஆனால் அந்தக் குளிர்காலம் முடிகிறவரை யார் வீட்டிலும் காப்பிக்குப் போகவில்லை. முதல் வீடாக யூனாஸ் வீட்டுக்குத்தான் போனாள், ஏப்ரலில், அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது. அழைக்காமலே போனாள்.

அந்தப் பதினோரு வேகனா? அதற்குக் கம்பெனி கிழங்குக் கட்டணமாகப் பிடித்தது பிடித்ததுதான். ஹல்டா எட்டுக் கடிதம் எழுதினாள். "பரிசீலனையில் உள்ளது" என்று எட்டுப் பதில் வந்தது. பலகையையும், அடுப்பையும், பாவம் எவெர்ட்டையும் கிழங்கென்று கட்டணம் போட்டுத் தின்றவர்கள் இன்றுவரை பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சிரிக்காமல் நின்ற என்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அவ்வளவு கோபம் அவர்கள்மேலும் இன்னும் இருக்கிறது. ஆற விடப்போவதில்லை.

சரி, எழுந்திருங்கள் செல்வங்களே, நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் மாவு குறையாமல் இருக்கட்டும். தொழுவத்தில் பால் வற்றாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் இருட்டுவதற்குள் வீடு வந்து சேரட்டும். உங்கள் வீட்டு வாசலை மிதிக்கிறவர்கள் உங்களை நம்புகிறவர்களாகவே இருக்கட்டும், நீங்களும் அவர்களை நம்பி, நிறைய நாள் நன்றாக வாழுங்கள்.